தடிமன், தொண்டை நோவுக்கு மல்லித் தண்ணி: எதைக் கொதிக்க வைக்கிறது, எதை ஊற வைக்கிறது?

மாரிமழை
வாடை தொடங்கிட்டுது, திருகோணமலை உவர்மலைப் பக்கம் வீட்டுக்கு வீடு தடிமன். எல்லாரும் மல்லித் தண்ணி வைக்கினம், ஆனா ஆளுக்கொரு கணக்கு. ஒராள் மல்லியும் வேர்க்கொம்பும் மட்டும் காணும் எண்டுறார். இன்னொராள் மிளகு, ஓமம், ஆடாதோடை, துளசி, தேன் எல்லாத்தையும் ஒரே சட்டியிலை போட்டு அரை மணித்தியாலம் கொதிக்க விடச் சொல்லுறார். அப்பிடி வைச்சதைக் குடிச்சால் தொண்டை இன்னும் எரியுது. தெரிஞ்ச ஆக்கள் அளவோடை சொல்லுங்கோ. வீட்டிலை பிறஷர் குளிசை குடிக்கிற பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளை, எட்டு மாதக் குழந்தை எல்லாரும் இருக்கினம். ஒரே சட்டி எல்லாருக்கும் சரி வருமோ?

சரக்குக்கடை
சரி வராது தங்கச்சி. அடிச்சட்டி ஒண்டா இருக்கலாம், அதுக்கு மேலை ஆளைப் பார்த்துத்தான் சேர்க்க வேணும்.

முதல்லை சாமானைப் பிரியுங்கோ. விதை, வேர், பட்டை, கொடித்துண்டு எல்லாம் கொதிக்க வேணும். இலை கொதிக்கக் கூடாது. அடுப்பை நிப்பாட்டினாப் பிறகு போட்டு, மூடி, ஊற விட வேணும். துளசியையும் கற்பூரவள்ளியையும் அரை மணித்தியாலம் திறந்த சட்டியிலை கொதிக்க விட்டால் வாசம் குசினி முழுக்கப் பரவும், கோப்பையிலை ஒண்டும் மிஞ்சாது.

அடிச்சட்டிக் கணக்கு, நாலு பேருக்கு: தண்ணி 1 லீற்றர், முழு மல்லி 3 மேசைக்கரண்டி (ஏறக்குறைய 15 கிராம்), வேர்க்கொம்பு ஒரு விரல்கணுத் துண்டு (5 கிராம் மட்டில்). மல்லியைப் புடைச்சுக் கல்லுப் பொறுக்கி, ஒருக்கா அலசி, தண்ணி வடிய விடுங்கோ. வெறும் சட்டியிலை சிறு நெருப்பிலை வறுங்கோ. ஈரம் போய் வாசம் எழும்பின உடனை இறக்கிப் போடோணும். நிறம் மாறும் வரைக்கும் நிண்டால் கைச்சுப் போகும், தண்ணியும் கறுப்பா வரும்.

பிறகு உரலிலை இடியுங்கோ. ஒரு விதை ரெண்டு மூண்டாய் உடைஞ்சால் போதும். கிரைண்டரிலை மாவாக்காதேங்கோ. இந்த இடத்திலைதான் கனபேர் பிழை விடுறது. தூள் வடியிலை நிக்காது, கோப்பையின்ரை அடியிலை இறங்கும், கடைசி மிடறிலை அந்தத் தூள் தொண்டையிலை ஒட்டி இருமலைக் கிளப்பும். இருமலுக்குக் குடிச்ச தண்ணியே இருமலைக் குடுக்கும்.

இடிச்சதைப் பச்சைத் தண்ணியிலை போட்டு அடுப்பிலை வையுங்கோ. கொதி வந்த உடனை நெருப்பைக் குறைச்சு, மூடி, 10 - 12 நிமிசம். இறக்கி மூடினபடி இன்னும் 10 நிமிசம். மெல்லிய துணியிலை வடியுங்கோ. மூண்டரைக் கோப்பைக்குக் கிட்ட வரும். லேசான தேத்தண்ணி நிறம் இருந்தால் கைப்பக்குவம் சரி.

கோணேசபுரி_சித்தா
மேலே சொன்ன அளவு சரியானது. மாரிமழை கேட்ட எரிச்சலுக்குக் காரணத்தை நான் சொல்கிறேன்.

மிளகிலுள்ள பைபரினும் இஞ்சியின் காரப் பொருள்களும் வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் அதே நரம்பு முனைகளையே தூண்டுகின்றன. தொண்டை புண்ணாகிச் சிவந்திருக்கும்போது அந்த முனைகள் ஏற்கெனவே உசார் நிலையில் இருக்கும். அதற்கு மேல் மிளகும் கொதிசூடும் சேர்ந்தால் எரியத்தான் செய்யும். இன்னொன்று, இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரோலில் ஒரு பகுதி ஷோகோலாக மாறுகிறது. ஷோகோல் கூடுதல் காரமானது. பச்சை இஞ்சி போடுகிற அளவுக்கே வேர்க்கொம்பையும் போட்டால் சட்டி கொதிப்பாகிவிடும்.

ஆகவே இரண்டு நிலைமைகளையும் பிரித்துப் பாருங்கள்.

மூக்கடைப்பு, தலைப்பாரம், நீராய் ஓடும் தடிமன்: அடிச்சட்டியோடு மிளகு 6 முதல் 8 மணி, தட்டியது. விரும்பினால் ஓமம் கால் தேக்கரண்டி. காரம் மூக்கில் நீரை இளக்கும், அடைப்பு சற்று விடும்.

விழுங்க நோகிற, வறண்ட, கரகரத்த தொண்டை: மிளகும் ஓமமும் வேண்டாம். வேர்க்கொம்பைப் பாதியாக்குங்கள். அதிமதுரம் 2 - 3 கிராம் தட்டி மல்லியோடேயே கொதிக்க விடுங்கள். கல்லாக்காரம் (கற்கண்டு) சிறு துண்டு. இளஞ்சூட்டில், ஒரு மிடறு ஒரு மிடறாக. தேசிக்காய் பிழிய வேண்டாம், புண்ணில் புளி பிடிக்கும்.

இரண்டும் சேர்ந்து இருந்தால் தொண்டையின் பக்கம் நில்லுங்கள். மூக்குக்கு உப்புத் தண்ணீர் விடலாம்.

கிண்ணியா_ராத்தா
எங்கட பக்கம் கற்பூரவள்ளிதான் முதல்ல. மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்துல ஒரு கொப்ப ஊண்டினாப் போதும், மாரியில தானா அடைச்சிக் கொண்டு வளரும். ஆனா மழை கூடினா அடி அழுகும், மேட்டுல வெச்சிக்கோங்க.

தேத்தண்ணிக்கு முத்தின இலை 4, கழுவிக் கையால கிழிச்சி, கொதிச்சி இறக்கின ஒரு கோப்பைத் தண்ணியில போட்டு மூடி அஞ்சாறு நிமிசம். அதுக்கு மேல ஊறினா எண்ணெய் வாடை தூக்கும், புள்ளைகள் வாயில வைக்க மாட்டாங்க. சாறு எடுக்கிறதெண்டா இலைய நெருப்புல லேசா வாட்டிப் பிழியுங்க. பச்சையாப் பிழிஞ்சா கை நோவும், சாறு சொட்டாது.

இஞ்சிப் பிளேன்ரியையும் ஆரும் மறக்க வேணாம். பச்சை இஞ்சி ஒரு துண்டு நசுக்கி முதல்ல அஞ்சு நிமிசம் கொதிக்கணும், தேயிலை பிறகு. ரெண்டையும் ஒண்டாக் கொதிக்க விட்டா சாயம் கடுத்து நாக்கு இழுக்கும், இஞ்சி தெரியாது. ராவையில குடிக்கிறவங்க தேயிலைய விட்டுட்டு ஒரு துண்டு கறுவாப் பட்டை போடுங்க. தடிமன் மாற நித்திரை வேணும், கடுஞ்சாயம் நித்திரையக் கெடுக்கும்.

தம்பலகாமம்_வயல்
இதெல்லாம் தண்ணி. மருந்தெண்டால் எட்டுக்கு ஒண்டாய் வத்த வைக்க வேணும். சரக்கு 60 கிராம், தண்ணி எட்டுப் பங்கு, ஒரு பங்காய் வரும் வரைக்கும் நெருப்பு. பரியாரிமார் அப்பிடித்தான் சொல்லுறவை. பத்து நிமிசம் கொதிச்ச தண்ணியிலை என்ன சத்து இறங்கும்? நல்லா வத்த வைச்சுக் குடிச்சால் மூண்டாம் நாள் தடிமன் ஓடும்.

கோணேசபுரி_சித்தா
அண்ணை, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு பிழை இல்லை. அது எந்தச் சரக்குக்கு என்பதுதான் கேள்வி. கண்டங்கத்தரி, மரமஞ்சள், பற்பாடகம் போன்ற கட்டை, கொடி, உலர்ந்த மூலிகைச் செடிகளுக்கு அந்தக் கணக்கு. அவற்றின் கைப்புப் பொருள்கள் ஆவியாகிப் போகாதவை, நேரமெடுத்துத்தான் தண்ணீரில் இறங்கும். மல்லியின் கதை வேறு. அதன் வாசம் பெரும்பாலும் லினலோல் என்ற ஆவியாகும் எண்ணெய். இரண்டு மணித்தியாலம் திறந்த சட்டியில் வற்ற வைத்தால் அது முதலில் போகும், கைப்பும் துவர்ப்பும் மிஞ்சும்.

இரண்டையும் சேர்த்து வைக்கிறவர்கள் கட்டைச் சரக்கை முதலில் வற்ற விட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் மல்லியைப் போட்டு மூடலாம்.

வற்ற வைத்த கசாயம் ஒரு வேளைக்கு அரைக் கோப்பை, காலையும் மாலையும், ஆளைப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. நாள் முழுக்கக் கோப்பை கோப்பையாய்க் குடிக்கிறதற்கு அல்ல. நாலு கோப்பை குடித்துவிட்டு வயிறு எரிகிறது, பேதி போகிறது என்று வருகிறவர்கள் அதனால்தான் வருகிறார்கள்.

மூன்றாம் நாள் ஓடும் என்பதை நான் ஏற்க மாட்டேன். சாதாரண தடிமன் ஒரு கிழமை முதல் பத்து நாளில் தானே அடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். உச்சத்தில் கசாயம் குடித்து அடுத்த நாள் இறங்கினால் கசாயத்துக்குப் பேர் வரும்.

தம்பலகாமம்_வயல்
அப்ப ஏன் தம்பி குடிக்கிறது?

கோணேசபுரி_சித்தா
தொண்டை நனைய, சளி இளக, நித்திரை வர. காய்ச்சலோடு சாப்பாடு இறங்காத நாளில் உடம்புக்கு நீர் போக. அது சிறிய காரியம் இல்லை அண்ணை.

ஆடாதோடை மட்டும் சற்று வேறு வகை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தைச் செய்தார்கள். ஆனால் அது நெஞ்சில் கட்டிய சளிக்கு. வறட்டுத் தொண்டைக்கு ஆடாதோடை போட்டால் கைப்பு மட்டுமே மிச்சம். முற்றிய இலை இரண்டு, ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில் போட்டு முக்கால் கோப்பையாகட்டும். இலையானாலும் கொதிக்க வேண்டியது, முன்னே சொன்ன விதிக்கு இது விலக்கு. கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

வாட்_நேர்ஸ்
மாரிமழையின்ரை வீட்டு ஆக்களுக்கு வாறன்.

எட்டு மாதக் குழந்தைக்கு இந்த இழையிலை இருக்கிற ஒண்டும் வேண்டாம். தாய்ப்பால் அடிக்கடி, மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணிச் சொட்டு. தேன் ஒரு வயது முடியும் வரைக்கும் நாக்கிலை தொட்டும் வைக்கக் கூடாது. தேனிலை இருக்கக்கூடிய ஒரு கிருமியின்ரை வித்து குழந்தையின்ரை குடலிலை வளர்ந்து நஞ்சு விடும், தசை தளர்ந்து மூச்சு வரைக்கும் பாதிக்கும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துச் சாகாது. மரமஞ்சள் சேர்த்த கசாயமும் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆகாது, அதிலை இருக்கிற பெர்பரின் மஞ்சள்காமாலையைக் கூட்டக் கூடியது.

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மிளகு இல்லாத அடிச்சட்டித் தண்ணி அரைக் கோப்பை. இரவு படுக்க முதல் தேன் ஒரு தேக்கரண்டி. இருமலுக்குத் தேனைப் பிரித்தானியாவின்ரை நைஸ் எண்ட சுகாதார நிறுவனத்தின்ரை வழிகாட்டலே 2019 இலிருந்து முதல் வரிசையிலை சொல்லுது, அதாலை பழங்காலப் பேச்செண்டு ஒதுக்க வேண்டாம்.

பெரியவருக்கு அதிமதுரம் போடாதேங்கோ. அதிலை இருக்கிற கிளிசிரைசின் உப்பையும் நீரையும் உடம்பிலை மறிச்சு, பொட்டாசியத்தைக் குறைச்சு, பிறஷரை ஏத்தும். நீர் போற குளிசை குடிக்கிறவைக்கு இன்னும் மோசம்.

அவர் குடிக்கிறது எனாலாப்ரில், லிசினோப்ரில் மாதிரி "ப்ரில்" எண்டு முடியிற பேர்களோ எண்டும் பாருங்கோ. அந்த வகைக் குளிசை கொஞ்சப் பேருக்கு வறட்டு இருமலைக் குடுக்கும், தொண்டையிலை ஏதோ அரிக்கிற மாதிரி. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கிழமைக்கணக்கா இழுக்கும். அதுக்கு மல்லி எவ்வளவு அவிச்சாலும் நிக்காது. குளிசையைத் தானா நிப்பாட்டாமல் கிளினிக்கிலை சொன்னால் வேறை வகைக்கு மாத்துவினம்.

சீனி வருத்தக்காரர் பைக்கற்றிலை வாற கரையிற மூலிகைத் தூளைக் கவனியுங்கோ. சமஹன் மாதிரியானதுகளிலை சீனி சேர்ந்துதான் வருது. நாளைக்கு மூண்டு நாலு பைக்கற் எண்டால் கணக்கிலை எடுக்க வேணும்.

மாரிமழை
அதிமதுரத்தை விட்டால் பெரியவருக்குத் தொண்டைக்கு என்ன செய்யிறது அக்கா? தேனைச் சுடுதண்ணியிலை விட்டால் நஞ்செண்டும் சொல்லுகினம்.

வாட்_நேர்ஸ்
அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு பெரிய கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணி, கொப்பளிச்சுத் துப்ப வேணும், விழுங்கக் கூடாது. நாளுக்கு மூண்டு நாலு தரம். செலவில்லாத வேலை, கசாயத்தை விடத் தொண்டைக்குச் சுகம் தெரியும்.

தேன் சுடுதண்ணியிலை நஞ்சாகாது, வாசம்தான் போகும். வடிச்சு, கோப்பையைக் கையிலை பிடிக்கக் கூடிய சூட்டுக்கு வந்தாப் பிறகு விட்டால் சரி. அந்தச் சூடுதான் தொண்டைக்கும் நல்லது. ஆவி பறக்கப் பறக்க ஊத்தாதேங்கோ. 65 பாகைக்கு மேலை சூடான பானம் தொடர்ந்து குடிக்கிறது உணவுக்குழாய்ப் புற்றுநோயோடை சேர்த்துப் பேசப்படுது, உலக சுகாதார அமைப்பின்ரை புற்றுநோய் நிறுவனம் 2016 இலை சொன்னது. குடிக்கிறதுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணியை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவு சூடு காணும்.

பிள்ளையளைப் போர்வையாலை மூடிச் சட்டிக்கு மேலை ஆவி பிடிக்க வைக்கிறதையும் விடுங்கோ. சட்டி சரிஞ்சு தொடை வெந்து வாறதுகள் கனக்க.

சரக்குக்கடை
சாமான் வாங்கிறதைப் பற்றியும் சொல்லிப் போடுறன், அரைவாசிப் பிழை கடையிலைதான் தொடங்குது.

மல்லி: உள்ளங்கையிலை ரெண்டு விதையை நசுக்குங்கோ. தோடம்பழத் தோல் மாதிரி வாசம் வர வேணும். வாசமில்லாட்டில் பழசு. ஊசித் துவாரம் இருந்தால் வண்டு. சாக்கிலை கை விட்டுப் பார்க்கக் குளிர்ச்சியாயும் பிசுபிசுப்பாயும் இருந்தால் ஈரம் பிடிச்சது, பூஞ்சணம் வரும். எங்கடை ஊர் கடற்காத்துக்குத் திறந்த பைக்கற் ரெண்டு மாதம் தாங்காது, போத்திலிலை இறுக்கி வையுங்கோ.

வேர்க்கொம்பு: உடைச்சால் உள்ளுக்கு நார் தெரிய வேணும், மாவாய் உதிரக் கூடாது. மேலை வெள்ளையாய் மினுங்கிறது சுண்ணாம்பு தடவினது, சுரண்டிக் கழுவிப் போட்டு இடியுங்கோ.

மரமஞ்சள்: குறுக்கு வெட்டிலை சில்லுக் கம்பி மாதிரி நடுவிலையிருந்து வரி வரியா ஓடும், தண்ணியிலை போட்டால் மஞ்சள் இறங்கும், நாக்கிலை வைச்சால் நெடுநேரம் கைக்கும். கைக்காட்டில் வேறை ஏதோ கட்டை. மெதுவா வளருற காட்டுக் கொடி அது, சும்மா தடிமனுக்கெல்லாம் வாங்கிக் கொட்டாதேங்கோ.

பற்பாடகம் வேரோடை வரும், மண்ணும் சேர்ந்து வரும். மூண்டு தண்ணி அலசாட்டில் கசாயத்திலை மணல் கடிபடும். கண்டங்கத்தரியைக் கையாலை அள்ளாதேங்கோ, காய்ஞ்ச முள்ளு பச்சை முள்ளை விடக் கெட்டது. இந்த ரெண்டோடை மல்லி, வேர்க்கொம்பு, மரமஞ்சள் சேர்ந்ததுதான் சிங்கள ஆக்கள் பஸ்பங்குவ எண்டு குடிக்கிற அஞ்சு சரக்கு. கட்டி வைச்ச பைக்கற்றாயும் கிடைக்கும்.

நிலவேம்பு கேட்டு வாறவைக்கு ஒரு சொல்லு. அந்தப் பேரிலை ரெண்டு வேறை வேறை செடி விக்குது, சிங்களத்திலை பிங்கொஹொம்ப எண்டுறது ஒண்டு, மற்றது அதுக்குப் பதிலா வாற மலிவான செடி. ரெண்டும் கடுங்கைப்பு, ரெண்டும் தொண்டை நோவுக்கு இதமான தேத்தண்ணி இல்லை. எது கையிலை இருக்கெண்டு தெரியாட்டில் போட வேண்டாம்.

கிண்ணியா_ராத்தா
தூதுவளைய ஆரும் சொல்லல்ல. அது தேத்தண்ணிக்குச் சரி வராது, ரசத்துக்குத்தான். முள்ளுப் பார்த்துக் கிள்ளி, ஒரு கைப்பிடி இலைய ஒரு சொட்டு எண்ணெயில வதக்கி, உள்ளி நாலு பல்லு, மிளகு, நற்சீரகம் சேர்த்து அரைச்சி, பழப்புளி கொஞ்சமாக் கரைச்சி நுரை கட்டினவுடன இறக்கணும். சோறு இறங்காத நாளைக்கு அது போதும்.

தம்பலகாமம்_வயல்
ராத்தா சொன்னது சரி, ஆனா புளியைக் குறையுங்கோ, இருமல்காரருக்கு ஆகாது. மிளகைக் கூட்டுங்கோ.

வாட்_நேர்ஸ்
மிளகைக் கூட்டுறதுக்கு முதல் தொண்டை எப்பிடி இருக்கெண்டு பாருங்கோ அண்ணை, மேலை சித்தா சொன்னது அதைத்தான்.

எல்லாரும் மல்லிக்குள்ளை நிக்கிறியள், காய்ச்சலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. மாரியும் டெங்கும் ஒண்டாத்தான் வரும். 2017 இலை கிண்ணியா பட்டது எல்லாருக்கும் தெரியும், அந்த வருசம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேலை டெங்கு பதிவானது. மூக்கு ஓடாமல், தும்மல் இல்லாமல், காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னாலை நோவும் உடம்பு உளைவும் எண்டால் அதைத் தடிமன் எண்டு நினைக்காதேங்கோ. ரெண்டு நாளைக்கு மேலை காய்ச்சல் நிண்டால் இரத்தப் பரிசோதனை. அதுவரைக்கும் பனடோல் அளவோடை மட்டும், புருஃபன், அஸ்பிரின் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கிற நேரம் மல்லித் தண்ணி, பிளேன்ரி மாதிரி மண்ணிறத் தண்ணியை விட்டுக் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) குடுங்கோ. சத்தியிலை இரத்தம் கலந்து வந்தால் நிறம் மாறித் தெரிய வேணும், அதுக்குத்தான்.

பிள்ளைக்குத் தொண்டையிலை வெள்ளைப் படலம், கழுத்திலை நெறி, காய்ச்சல், ஆனா இருமல் தடிமன் இல்லை எண்டால் அதுவும் கசாயத்தோடை இருக்கிற வருத்தமில்லை. ஒரு வகைப் பக்டீரியாத் தொண்டைப் புண் பிறகு மூட்டையும் இதய வால்வையும் பிடிக்கும், அதுக்கு மருந்தைச் சொன்ன நாள்க்கணக்கு முழுக்கக் குடிச்சு முடிக்க வேணும். எச்சில் விழுங்க ஏலாமல் வடியிறது, மூச்சு இழுக்கேக்கை சத்தம் கேக்கிறது எண்டால் உடனை பெரியாஸ்பத்திரி. மூண்டு கிழமைக்கு மேலை குரல் அடைச்சபடி இருந்தாலும் தொண்டையைக் காட்ட வேணும்.

மாரிமழை
எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்டு. காலமை வைச்சு சுடுதண்ணிப் போத்திலிலை ஊத்தினால் பின்னேரம் கைக்குது. சட்டியாலையோ? அலுமினியம்தான் பாவிக்கிறது.

சரக்குக்கடை
மல்லியோடை சேர்த்து ஊத்துறியள் போலை. சூட்டிலை விதை ஊறிக்கொண்டே இருந்தால் பின்னேரம் துவர்க்கும். நல்லா வடிச்சு, வெறும் தண்ணியை மட்டும் ஊத்துங்கோ. இலை, தேன், தேசிக்காய் ஒண்டும் போத்திலுக்குள்ளை போகக் கூடாது, கோப்பையிலைதான். ஆறு மணித்தியாலத்துக்குள்ளை முடிச்சுப் போடுங்கோ. மிஞ்சினதை வெளியிலை வைச்சு அடுத்த நாள் சூடாக்கிறது வேண்டாம், எங்கடை வெக்கைக்குப் புளிச்சுப் போகும். பிரிட்ஜிலை வைச்சால் ஒரு நாள் பிழையில்லை.

அலுமினியத்திலை வெறும் மல்லி அவிக்கலாம், புளிப்புச் சேர்க்கிறதெண்டால் எவர்சில்வர். மண்சட்டி திறம், ஆனா மீன்கறி வைச்ச சட்டியை எடுத்துப் போடாதேங்கோ. தனிச் சட்டி ஒண்டு வாங்கி, அரிசி கழுவின தண்ணியை ரெண்டு தரம் கொதிக்க விட்டு ஊத்திப் போட்டுப் பாவியுங்கோ, மண் வாசம் போகும்.